சொந்தமாகச் செய்த படுக்கை டிரெய்லருக்கு ஆர்.சி. கிடைக்குமா?

கேள்வி: நானும் மனைவியும் விடுமுறைகளில் காரிலேயே நெடுந்தூரம் போய்வருபவர்கள். இருவர் படுக்கும் அளவுக்கு எடை குறைந்த டிரெய்லர் ஒன்றை நானே செய்து, காருக்குப் பின்னால் இழுத்துப் போக நினைக்கிறேன். இரும்புச் சட்டம், ஒற்றை அச்சு, மேலே பிளைவுட் பெட்டி. எட்டடி நீளம், நாலேகால் அடி அகலம். பட்டறை வைத்திருக்கும் நண்பர் வெல்டிங் செய்து தருவார். "இன்ஜினே இல்லாத வண்டிக்கு ஆர்.சி. எதற்கு?" என்கிறார் அவர். அவர் சொல்வது சரியா? காரில் கொக்கி பொருத்தினால் பிரச்சினை வருமா? விபத்து நடந்தால் காரின் இன்ஷூரன்ஸ் போதுமா?

பதில்: இரும்பு வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்தது. வண்டியைச் செய்து முடித்த பிறகு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி அதிகம் இருப்பதில்லை.

நண்பர் சொல்வது தவறு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28) 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே டிரெய்லரும் அடங்கும். மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும், அல்லது இழுக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்ட எந்த வண்டியும் டிரெய்லர்தான் என்கிறது பிரிவு 2(46). ஆகவே பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது என்ற பிரிவு 39 உங்கள் டிரெய்லருக்கும் பொருந்தும். மீறினால் பிரிவு 192-இன்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த முறை 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ. அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிரிவு 207-இன்கீழ் வண்டியையே பிடித்து வைக்கலாம். பதிவே இல்லாத வண்டியை எந்தக் காகிதத்தைக் காட்டி மீட்பீர்கள்?

சரி, பதிவு செய்துவிடலாம் என்றால் முடிச்சு அங்கேதான் விழுகிறது. புதிய வண்டியின் பதிவுக்கு விண்ணப்பம் படிவம் 20. அதனுடன் படிவம் 21-இல் விற்பனைச் சான்று, படிவம் 22-இல் சாலைத் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். படிவம் 22-இல் கையெழுத்திட வேண்டியவர் வண்டியின் உற்பத்தியாளர். சேசிஸ் (அடிச்சட்டம்) எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் பொறிப்பது, மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 122-இன்படி அவர் வேலை. வெல்டிங் பட்டறை இந்தப் பொருளில் உற்பத்தியாளர் ஆகாது. நண்பர் லெட்டர்பேடில் எழுதித் தரும் கடிதமும், நோட்டரி முன் நீங்கள் இடும் பிரமாணப் பத்திரமும் படிவம் 22-க்கு ஈடாகா. ஒற்றை வண்டியைச் சோதனை முகமைக்கு அனுப்பிச் சான்று வாங்குவது ஏட்டளவில் ஒரு வழிதான்; ஆனால் வரைபடங்கள், சோதனைக் கட்டணம், காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் டிரெய்லரின் விலையைத் தாண்டிவிடும்.

இன்னொரு யோசனையும் யாராவது சொல்வார்கள்: பழைய டிரெய்லர் ஒன்றை ஆர்.சி.யோடு வாங்கி, அதன் சேசிஸ் எண்ணை வெட்டிப் புதுச் சட்டத்தில் ஒட்டிவிடலாம் என்று. அந்தப் பக்கமே போகாதீர்கள். இது வாகனச் சட்ட மீறலோடு நிற்காமல் போலி ஆவணக் குற்றமாகிவிடும்.

உங்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒப்புதல் பெற்ற உற்பத்தியாளரிடம் முழுமையான கேம்பர் டிரெய்லராகவே, அதாவது படுக்கை வசதியுள்ள டிரெய்லராகவே வாங்குவது. உங்கள் கைவேலை ஆசை நிறைவேறாது, ஆனால் காகிதம் சுத்தமாக இருக்கும்.

இரண்டாவது, சேசிஸை உற்பத்தியாளரிடம் வாங்கி, பெட்டியைத் தனியாகக் கட்டிப் பதிவுக்குக் கொண்டுபோவது. அடிச்சட்டம் ஒருவர், மேற்கூடு வேறொருவர் என்று செய்யப்படும் வண்டிகளுக்குப் படிவம் 22-ஏ இருக்கிறது. முதல் பகுதியை உற்பத்தியாளரும் இரண்டாம் பகுதியைக் கூடு கட்டியவரும் நிரப்ப வேண்டும். இதில் பெட்டி, பதிவுக்கு முன்பே முழுமையாக முடிந்திருக்க வேண்டும். வெற்றுச் சேசிஸாகப் பதிந்துவிட்டுப் பிறகு பெட்டி ஏற்றினால், ஆர்.சி.யில் உள்ள கூட்டின் வகையும் காலி எடையும் நிஜத்தோடு ஒத்துப்போகாது. அது பிரிவு 52-இன்கீழ் அனுமதியில்லாத மாற்றம். பிரிவு 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. உங்கள் கையெழுத்தைக் கூடு கட்டியவராக வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஏற்குமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். ஏற்காவிட்டால் உற்பத்தியாளரின் பெயரிலேயே கூடும் இருக்க, உள்வேலையை மட்டும் நீங்கள் செய்துகொள்ளலாம்.

மூன்றாவது வழியைத்தான் உங்களைப் போன்ற கைவேலைக்காரர்களுக்குப் பரிந்துரைப்பேன். பதிவான சிறிய சரக்கு டிரெய்லரை வாங்கி, படுக்கைப் பெட்டியைத் தனிப் பொருளாகச் செய்து, அதன்மேல் சுமையாக வைத்துக் கட்டுவது. வெல்டிங் இல்லை, துளை இல்லை; டிரெய்லரின் கட்டு வளையங்களில் இறுக்கிக் கட்டும் நான்கு ராட்செட் பட்டைகள். இறக்கிவைத்தால் டிரெய்லர் ஆர்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். இதன் சங்கடம், சரக்கு டிரெய்லர் 'போக்குவரத்து வாகனம்' ஆகிவிடுவதால் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்று பிரிவு 66(3) விலக்கு தருகிறது. அது உங்களுக்குச் சாதகம்.

முதல் இரு வழிகளில் போனால், பதிவின்போது 'சொந்த உபயோகம்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். மத்திய அரசின் 5.11.2004 தேதியிட்ட அறிவிக்கை, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லரைப் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படிப் பதிந்தால் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். வார இறுதிகளில் வாடகைக்கு விட்டீர்களானால் அந்தச் சலுகை போய்விடும். பதிவு வகையே தவறு என்று ஆகி, இன்ஷூரன்ஸும் ஆட்டம் காணும்.

இனி எடை. வாகன வகைப்பாட்டில் மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லர் டி1 வகை. நீங்கள் சொல்லும் அளவு அதற்குள் தாராளமாக அடங்கும். 2.4 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரப் பெட்டிக்குத் தரை, கூரை, சுவர்கள் சேர்த்து ஏறத்தாழ 15 சதுர மீட்டர் பலகை வேண்டும். முழுக்க 12 மி.மீ. பிளைவுட் போட்டால் சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோ வீதம் 110 கிலோவைத் தாண்டும். 25 மி.மீ. நுரைப்பலகையின் இருபுறமும் 3 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் பசையோடு ஐந்து கிலோவுக்குள் முடியும். மொத்தம் 75 கிலோ, வெயிலும் உள்ளே இறங்காது. தரைக்கு மட்டும் 12 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் ஊன்றும் இடம் அது. விளிம்புகளில் எபாக்சி பூசாவிட்டால் முதல் மழையில் நீர் இறங்கிப் பலகை உப்பும்; பிறகு எடைச்சீட்டு வேறு கதை சொல்லும்.

எடைச்சீட்டை ஏன் சொல்கிறேன் என்றால், பெட்டி முடிந்ததும் வே பிரிட்ஜில் (எடைமேடையில்) ஏற்றிச் சீட்டு வாங்கி வைப்பது உங்கள் சாட்சியம். டிரெய்லரின் பதிவான மொத்த எடையையும், கார் கையேட்டில் சொல்லப்பட்ட இழுவை எடையையும் அதனோடு ஒப்பிடுங்கள். பிரேக் இல்லாத டிரெய்லர், காரின் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் நல்ல பொறியாளர்கள் வைத்திருக்கும் எல்லை. கையேட்டில் இழுவை எடையே கொடுக்கப்படவில்லை, அல்லது 'இழுக்கக் கூடாது' என்றிருந்தால், அந்தக் காரைக் கொண்டு இந்தத் திட்டத்தைத் தொடராதீர்கள். விபத்து வழக்கில் எதிர்த்தரப்பு முதலில் கேட்கும் புத்தகம் அதுதான்.

அதற்கு அடுத்தது முன்பாரம். மாட்டுவண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவது போலத்தான் இதுவும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் உள்ள இணைப்புப் பந்தின்மேல் அழுத்த வேண்டும். 300 கிலோ டிரெய்லருக்கு 30 முதல் 45 கிலோ. அதோடு அது, காரும் பந்தும் தாங்கும் எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். குளியலறை எடைக்கருவியின்மேல், இணைக்கும் உயரத்திலேயே முட்டுக்கொடுத்து அளந்துவிடலாம். அச்சிலிருந்து பந்துவரை 2.4 மீட்டர் என்று வையுங்கள். அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை வைத்தால் முன்பாரம் 10 கிலோ குறையும். 35 கிலோ இருந்தது 25 ஆகும், இரண்டு கேன் வைத்தால் 15. அந்த நிலையில் 80 கி.மீ. வேகத்தில் ஒரு லாரி முந்தினால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், பிரேக் மிதித்தால் மோசமாகும். தண்ணீர், அடுப்பு, கருவிப்பெட்டி எல்லாம் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலோ இருக்கட்டும். பழுதுள்ள டிரெய்லரைச் சாலையில் ஓட்டினால் பிரிவு 190-இன்கீழ் 1,500 ரூபாய் அபராதம். அந்தப் பழுதால் காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறையும் வரலாம். கழன்ற டிரெய்லர் மோதி உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106(1)-இன்கீழ் ஐந்தாண்டு வரை தண்டனைக்குரிய வழக்கு. இணைப்புக்கு அடியில் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்கே மாட்டுங்கள்: பந்து கழன்றாலும் இழுகம்பி தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

காரில் கொக்கி பொருத்துவது பற்றிக் கேட்டீர்கள். உற்பத்தியாளர் தந்த விவரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. கார் நிறுவனமே தன் உதிரிப்பாகப் பட்டியலில் தரும் டோ ஹிட்ச் என்றால் வாதிட நல்ல இடம் இருக்கிறது; பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். சேசிஸில் துளைபோட்டு, வெளியே செய்த கொக்கியை வெல்டிங் வைப்பது ஆபத்தானது. விளக்குகளுக்காகக் கார் வயரை வெட்டி முறுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே, அதிலிருந்து 7 முனை இணைப்பு என்று போங்கள். பின்னாளில் காரில் தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் தேடுவது வெட்டிய வயரைத்தான்.

டிரைவிங் லைசென்ஸ் விஷயத்தில் கவலை வேண்டாம். இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு மேற்படாத போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. டிராக்டரோடு டிரெய்லர் மாட்டியதாலேயே லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இன்ஷூரன்ஸ் அப்படியல்ல. பிரிவு 146 கேட்கும் மூன்றாம் நபர் காப்பீடு டிரெய்லருக்கும் வேண்டும். இல்லாவிட்டால் பிரிவு 196-இன்கீழ் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் கார் பாலிசியின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். டிரெய்லரின் மதிப்பைக் குறிக்க ஒரு கட்டம் இருக்கும், அதில் பெரும்பாலும் பூஜ்யம்தான். கழன்றோ ஆடியோ மோதியது டிரெய்லர் என்றால், காப்பீட்டு நிறுவனம் "அது எங்கள் வண்டியல்ல" என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாதிடும். தீர்ப்பாயம் நிறுவனத்தைக் கொடுக்கச் சொல்லி, உங்களிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிட்டாலும் கடைசியில் போவது உங்கள் வீடும் நிலமும்தான். டிரெய்லரின் பதிவு எண்ணைச் சொல்லித் தனிப் பாலிசியோ, கார் பாலிசியிலேயே அதைச் சேர்த்ததற்கான கூடுதல் ஒப்புதலோ வாங்குங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

பிரிவு 61-இன்படி டிரெய்லரின் பதிவு எண் அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் காரின் எண் டிரெய்லரின் பின்புறத்திலும் தெரிய வேண்டும். இதைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கார் மாற்றினால் பின்பலகையும் மாற வேண்டும். சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை விளக்கு, சிவப்புப் பிரதிபலிப்பான்கள் எல்லாம் காரோடு சேர்ந்து இயங்கட்டும்.

வண்டி ஓடும்போது உள்ளே யாரும் படுக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்குக்கூட. அங்கே இருக்கையும் இல்லை, பெல்ட்டும் இல்லை, பாலிசியும் இல்லை. நிறுத்திப் படுக்கும்போது எதிரெதிராக இரண்டு காற்றுவழிகள் திறந்திருக்க வேண்டும், அடுப்பு வெளியே.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் சட்டப் பிரச்சினைதான். பொது இடத்தில் 10 மணி நேரம் ஆளில்லாமல் விட்ட வண்டியைப் பிரிவு 127-இன்கீழ் போலீஸ் அப்புறப்படுத்தலாம்; காரைக் கழற்றிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறவர்கள் கவனிக்க. நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நிறுத்தினால் பிரிவு 122 பாயும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்கீழ் குற்றம். தீ மூட்டுவது தனிக் குற்றம். தனியார் இடமானால் உரிமையாளரின் சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியாகவாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சேசிஸோ டிரெய்லரோ விற்பவரிடம் போகும்போது, ஒப்புதல் சான்றின் நகல், அந்த மாடல் 'வாகன்' என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் இருக்கிறதா என்ற விவரம், படிவம் 21, 22 அல்லது 22-ஏ தருவேன் என்ற எழுத்து உறுதி ஆகிய மூன்றையும் கேளுங்கள். "ஆர்.சி. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கு முன்பணம் தராதீர்கள். தரும் பணத்தையும் வங்கி வழியாகவே தாருங்கள். சொன்னபடி படிவம் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். அந்த எழுத்து உறுதியும் வங்கிக் கணக்குச் சீட்டும் அப்போது போதும்.