வடம் எட்டாத கிணறு

அன்புள்ள ஐயா,

கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். எங்கோ போர் மூண்டால் காட்பாடியில் தக்காளி விலை ஏறுகிறது. இது அரபு நாடுகளின் சதி என்கிறார் நண்பர். பெட்ரோல் பைக்கை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமா? அப்பாவும் நிலத்தில் சோலார் மோட்டார் போடப் போகிறார். இயற்கையோடு ஒட்டி நிம்மதியாக வாழ்ந்த நம் முன்னோரைப் போல் மறுபடி வாழ முடியுமா?

ச., காட்பாடி

அன்புள்ள ச.,

ஸ்கூட்டரை வாங்குங்கள். சதிக் கதையை நண்பரிடமே விட்டுவிடுங்கள். ஆனால் "நிம்மதியாக வாழ்ந்த முன்னோர்" என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட முடியாது. யாரைச் சொல்கிறீர்கள்? என் தாத்தா குடியாத்தம் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கு மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்தவர். மாடுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின்மேல் உட்காருவார், தண்ணீர்ச் சால் மேலே வந்து கவிழ்ந்ததும் மாடுகளைப் பின்னுக்கு நடத்துவார். வெயில் ஏறும்வரை இதேதான். நுகத்தடி அழுத்தி மாட்டின் கழுத்தில் தோல் உரிந்து ஈ மொய்க்கும். பாட்டி வேப்பெண்ணெய் தடவுவாள். அதை நிம்மதி என்று எழுத எப்படிக் கை வந்தது தம்பி?

எழுபதுகளின் தொடக்கத்தில் டீசல் என்ஜின் வந்த அன்று கற்பூரம் கொளுத்தினார்கள். மாடு பிழைத்தது என்று பாட்டி அழுதாள். அந்த அழுகையில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் மாடு இறைத்தவரை ஒரு கணக்கு இருந்தது. ஒரு பொழுது இறைத்தால் மாடும் களைக்கும், தண்ணீரும் அடிக்குப் போகும். ராத்திரியில் ஊறும். என்ஜினுக்கு ஏது களைப்பு? முப்பத்தைந்து அடிக் கிணறு இரண்டே கோடையில் அறுபது அடியானது. மேலே இருந்தபடி அத்தனை ஆழத்திலிருந்து என்ஜினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்று கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கினார்கள்.

1973 அக்டோபரில் மேற்காசியாவில் போர். அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன, இஸ்ரேலை ஆதரித்த சில நாடுகளுக்கு அதை நிறுத்தவும் செய்தன. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறக்குறைய நாலு மடங்கானது. அடுத்த கோடையில் டீசலுக்குக் கொடுத்து மாளாமல், தாத்தா பங்காளி வீட்டு மாடுகளை இரவல் வாங்கி வந்தார். பரணில் கிடந்த வடத்தை எடுத்து உருளையில் மாட்டினார். நான் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சால் இறங்கியது, இன்னும் இறங்கியது, வடம் தீர்ந்துபோனது. தண்ணீருக்கு இருபது அடி மேலே சால் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா யாரையும் திட்டவில்லை. வடத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எண்ணெயை நம்பிய வாழ்க்கை என்றதும் எனக்கு அந்தச் சால்தான் ஞாபகம் வரும். எண்ணெய் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அது இருக்கிற தைரியத்தில் தோண்டிய ஆழம் அப்படியே நிற்கிறது. அதற்கப்புறம் இலவச மின்சாரம் வந்தது, ஆயிரம் அடி போர்வெல் வந்தது. இப்போது சோலார். புகை குறையும், சந்தோஷம். ஆனால் வெயிலுக்கு பில் வராது, அப்பா பகலெல்லாம் ஓடவிடுவார். அடியில் இருக்கும் தண்ணீருக்கு டீசலும் வெயிலும் ஒன்றுதான்.

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலந்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிலைத்த வளர்ச்சி என்ற கருத்தை ஏற்றது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதும் இந்த நாட்டின் சட்டம்தான் என்றது. அந்த வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. அங்கே கெடுத்தவர் யாரென்று காட்ட முடிந்தது. எங்கள் கிணற்றை வற்றடித்ததற்கு யாரை நிறுத்துவது? அந்தத் தண்ணீரில் விளைந்த கேழ்வரகில்தான் நான் கூழ் குடித்து வளர்ந்தேன்.

அப்பா மோட்டார் போடுவதற்கு முன் அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் நிலத்தில் முதல் போர்வெல் எந்த வருஷம் போட்டது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, இன்று எத்தனை அடி? அந்த மூன்றையும் எனக்கு எழுதுங்கள்.