7 மாதக் குழந்தையுடன் முதல் விடுமுறைப் பயணம்: பையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 மாதம் ஆகிறது. எடை ஏழரைக் கிலோ. தாய்ப்பாலுடன் இரவில் ஒரு வேளை பவுடர் பாலும், ஒரு மாதமாக மசித்த உணவும் கொடுத்து வருகிறோம். முதன்முறையாக ஐந்து நாள் விடுமுறைக்குக் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் செல்ல இருக்கிறோம். விமானத்தில் இரண்டு மணி நேரம், அதன்பின் காரில் மூன்று மணி நேரம். ஒரு வயது ஆகும்வரை எங்கும் போக வேண்டாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். குழந்தையை அழைத்துச் செல்லலாமா? என்னென்ன மருந்துகளும் பொருட்களும் எடுத்துச் செல்ல வேண்டும்?

மருத்துவர் பதில்:

தாராளமாக அழைத்துச் செல்லலாம். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இல்லாத, நல்ல வளர்ச்சியுள்ள ஏழு மாதக் குழந்தைக்கு இரண்டு மணி நேர விமானப் பயணத்தால் தீங்கு எதுவும் நேராது. அதற்காகப் பெரியவர்களின் அச்சத்தை ஒதுக்கிவிட வேண்டாம். தண்ணீர் மாறுவதையும் தூக்கம் கெடுவதையும் வெயிலையும் நினைத்துத்தான் அவர்கள் அஞ்சுகிறார்கள். வெளியூரில் கைக்குழந்தைகளுக்கு வரும் தொல்லைகளில் பலவும் இவற்றிலிருந்தே தொடங்குகின்றன. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துப் பையைக் கட்டினீர்களானால், பொருட்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடும்.

முதலில் மருந்துகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் கவலைப்படுவது இதில்தான். பயணத்துக்கு முன் ஆலோசனைக்கு வந்த ஒரு தாய், தாம் எடுத்துச் செல்லவிருந்த மருந்துகளை என் மேசைமீது ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவற்றில் பாராசிட்டமால் புட்டிகள் இரண்டு இருந்தன. பெயர் ஒன்று, அட்டைப்பெட்டியின் நிறமும் ஒன்று. ஆனால் ஒன்று சொட்டு மருந்து, மற்றொன்று சிரப். சொட்டு மருந்தில் 1 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தது. சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம்தான். பாராசிட்டமாலின் அளவு வயதைப் பொறுத்ததன்று, எடையைப் பொறுத்தது: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் மகளின் எடைக்கு அது 75 முதல் 110 மில்லிகிராம் வரை வரும். அந்தச் சிரப்பாக இருந்தால் 3 முதல் 4 மில்லிலிட்டர். அந்தச் சொட்டு மருந்தாக இருந்தால் முக்கால் முதல் 1 மில்லிலிட்டர் மட்டுமே. நள்ளிரவில், பழக்கமில்லாத அறையின் மங்கலான வெளிச்சத்தில், சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 4 மில்லிலிட்டர் ஊற்றினால், உச்ச அளவைப்போல் மூன்றரை மடங்கு மருந்து குழந்தையின் உடலுக்குள் போய்விடும். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும்.

ஆகவே இரண்டில் ஏதேனும் ஒன்றை மட்டும், அதற்குரிய அளவுக்குழாயுடன் எடுத்துச் செல்லுங்கள். புறப்படுவதற்கு முன் குழந்தையை எடை பார்த்து, உங்கள் குழந்தை மருத்துவரிடம் சரியான அளவைக் கேட்டு, அதை ஒரு தாளில் எழுதிப் புட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள். ஒரு முறை கொடுத்தபின் அடுத்த முறைக்குக் குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி தேவை. வெளியூரில் இருக்கிறோமே என்று ஆன்டிபயாடிக்கையோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தையோ கைவசம் வைத்துக்கொண்டு நீங்களாகவே கொடுக்காதீர்கள். விமானத்தில் குழந்தை தூங்கட்டும் என்று சளி மருந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஆபத்தானது, சில குழந்தைகளுக்கு மூச்சு மந்தமாகும், வேறு சிலர் தூங்குவதற்குப் பதிலாகப் படபடப்பாகி அழுவார்கள்.

நீங்கள் மறக்கவே கூடாத பொருள், வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அதில் 1 லிட்டருக்கு உரியதும் உண்டு, 200 மில்லிலிட்டருக்கு உரியதும் உண்டு. உறையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். குழந்தை கொஞ்சம்தானே குடிக்கும் என்று தண்ணீரைக் குறைத்தால் உப்பின் செறிவு கூடி, கரைசலே கெடுதலாகிவிடும். ஒவ்வொரு முறை நீராகப் போன பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர் வரை தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கரைத்தது 24 மணி நேரத்துக்குமேல் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பால் விஷயத்தில் தாய்ப்பால் உங்களுக்குப் பெரிய வசதி. கொதிக்க வைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். பவுடர் பாலுக்குத்தான் கவனம் தேவை. பால்பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருளன்று என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொதித்த தண்ணீரை 70 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் அதில் பவுடரைக் கலந்து, பிறகு புட்டியை ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். பாலை வீட்டிலேயே கலந்து எடுத்துச் செல்ல வேண்டாம். ஒரு வேளைக்கு உரிய பவுடரைச் சுத்தமான சிறு டப்பாவிலும், கொதித்த நீரை நல்ல ஃபிளாஸ்கிலும் தனித்தனியாக எடுத்துச் செல்லுங்கள். கலந்த பாலை வெளியே வைத்திருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை மீண்டும் கொடுக்கக் கூடாது. புது உணவு எதையும் பயண நாட்களில் தொடங்காதீர்கள். அங்கே உடம்பில் தடிப்போ வயிற்றுப்போக்கோ வந்தால், காரணம் உணவா கிருமியா என்று கண்டுபிடிப்பது எங்களுக்கும் கடினம்.

விமானத்தில் காது வலி பெரும்பாலும் இறங்கும்போதுதான் வரும். அப்போது காற்றழுத்தம் கூடுவதால் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்படுகிறது. விழுங்கும்போது தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகிறது. எனவே கடைசியாகப் பால் கொடுக்கும் நேரத்தைத் தள்ளிவைத்து, தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து கொடுங்கள். அந்த வாரத்தில் குழந்தைக்குக் கடும் சளியோ காதில் சீழோ இருந்தால், காட்டாமல் புறப்படாதீர்கள்.

காரில் குழந்தை இருக்க வேண்டிய இடம் உங்கள் மடியன்று. தாயின் மடியே பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் திடீரென்று பிரேக் அடித்தால் ஏழரைக் கிலோ எடையைக் கைகளால் பிடித்து நிறுத்த எவராலும் முடியாது. பின்சீட்டில், குழந்தையின் முகம் காரின் பின்புறத்தைப் பார்க்கும்படி பொருத்திய குழந்தை இருக்கை வேண்டும். போய்ச் சேரும் ஊரில் அது கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வேறு எதைக் குறைத்தாவது அதை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துக் கை கால் நீட்டவிடுங்கள். நிறுத்தி வைத்த காருக்குள் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிடங்களில் சுமார் 10 டிகிரி உயர்ந்துவிடும்.

விடுதிக் கட்டிலின் மெத்தென்ற படுக்கையிலும் தலையணைகளுக்கு நடுவிலும் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டாம். தொட்டில் கட்டில் உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உறுதியான, சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த துணி, மல்லாந்த நிலை, இவ்வளவு போதும். துவைக்காத பழைய விரிப்பு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று அதையே விரித்தால், பழகிய வாசனையில் முதல் இரவு குழந்தை சற்று எளிதாக அடங்கும் என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அறைக்குள் நுழைந்ததும் ஒரு முறை தரையில் மண்டியிட்டு, குழந்தை தவழும் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். தொங்கும் கெட்டில் வயரும், கட்டிலடியில் கிடக்கும் நாணயமும், பொத்தான் பேட்டரியும் அப்போதுதான் கண்ணில் படும்.

கடற்கரைக்குக் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். ஆறு மாதம் கடந்துவிட்டதால் சன்ஸ்கிரீன் பூசலாம். ஆனாலும் நிழலும் தொப்பியும் முழுக்கை உடையும்தான் முதன்மை. தள்ளுவண்டியைத் துணியால் மூடாதீர்கள், உள்ளே வெப்பம் தேங்கும். கொசுவுக்கு வலைதான் சிறந்தது.

தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். பயணம் வேறு நாட்டுக்கு என்றால், தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டுமா என்று குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தங்கும் இடத்துக்கு அருகில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எது என்பதையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், உச்சிக்குழி உள்வாங்கியிருந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், வாந்தி பச்சை நிறமாக இருந்தால், மூச்சு வாங்கினால், எழுப்பியும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் உடனே அங்கே செல்லுங்கள்.