கேள்வி பதில்: ஏலத்தோட்டத்து ஜீப்புக்கு எந்த டயர்?

நான்கு சக்கர இயக்க வண்டிகளின் டயர்களைப் பற்றிப் போடிமெட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: ஐயா, எனக்கு வீடு போடியில், பூப்பாறைக்கு அருகே சிறிய ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் ஃபோர்வீல் ஜீப்பில் போய் வருகிறேன். கடைசி மூன்று கிலோமீட்டர் மண்பாதை. ஆடி மழையில் வண்டி அதில் ஏற மறுக்கிறது. எம்.டி. டயர் போட்டால்தான் சரிப்படும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
— ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: கடைக்காரர் சொல்வது அந்த மூன்று கிலோமீட்டருக்குச் சரி. போடியிலிருந்து பூப்பாறை வரை உள்ள தார்ச்சாலைக்கு, அதிலும் மெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, அது சரியான யோசனை அன்று.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. ஹெச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது, அதன் பட்டன்கள் (தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டிகள்) நெருக்கமாகவும் இடைவெளிகள் குறுகலாகவும் இருக்கும். எம்.டி. சேற்றுக்கானது, பட்டன் ஒவ்வொன்றும் தடித்து நிற்கும், இடைவெளியில் விரலை நுழைத்துவிடலாம். ஏ.டி. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ளது. ஏலத்தோட்டத்து மண் மர நிழலில் கிடப்பதால் மழை விட்டு நாலைந்து நாளானாலும் காய்வதில்லை. களிமண் கலந்த அந்தச் சேறு ஹெச்.டி. டயரின் பட்டன் இடைவெளிகளை ஒரே சுற்றில் அடைத்துவிடும்; அதன்பிறகு டயர் சாணம் மெழுகிய உருளைபோல ஆகி, எவ்வளவு முடுக்கினாலும் நின்ற இடத்திலேயே சுழலும். எம்.டி. டயரின் அகன்ற இடைவெளிகள் சுழலும் வேகத்திலேயே சேற்றை உதறிவிடுவதால் அடுத்த சுற்றில் பட்டன் மறுபடியும் மண்ணைக் கடிக்கிறது. அதன் சிறப்பு முழுவதும் இந்த உதறலில்தான் இருக்கிறது.

ஆனால் அதே இடைவெளிகளால்தான் தார்ச்சாலையில் அதன் ரப்பர் குறைவாகவே படுகிறது. மழை பெய்த வளைவில் பிரேக் மிதித்தால் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் கூடும், இரைச்சல் கூடும், டீசல் செலவு கூடும், பட்டனும் விரைவில் தேயும். போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல் தாரில் ஓடி, ஆறே கிலோமீட்டர் மண்ணில் ஓடும் வண்டிக்கு நான் ஏ.டி. டயரைத்தான் சொல்வேன். ஆடியிலும் ஆவணியிலும் அந்த மண்பாதைக்கு மட்டும் பின் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி கட்டிக்கொண்டு, தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். கட்டுவதற்கு ஒரு பத்து நிமிடமும் ஒரு பழைய சாக்கும் போதும். தோட்டத்துக்குள்ளேயே கிடந்து உழைக்கும் வண்டியாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சவாரி ஓட்டுகிறேன். கல் குத்தாமல் இருக்கக் காற்றைக் கூட்டி வைக்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்; என் மைத்துனரோ குறைக்க வேண்டும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— ஒரு ஓட்டுநர், சூரியநெல்லி

பதில்: டயர் எதுவென்று தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் யோசிக்கிறோம், அதற்குள் எவ்வளவு காற்று என்பதைப் பெட்ரோல் பங்க் பையனிடம் விட்டுவிடுகிறோம். உங்கள் கேள்வி எனக்குப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

காற்று இறுகிய டயர் கல்லின் மேல் பந்துபோலக் குதிக்கும். பட்டனில் இரண்டு மூன்று மட்டுமே தரையைத் தொடும். சிறிது குறைத்தால் டயர் நசுங்கி, கல்லை உள்வாங்கிப் படிந்து, நீளமான தடமாகத் தரையைப் பற்றும். எனவே குறைப்பதே சரி. ஆயினும் மூத்தவர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு: அளவுக்கு மீறிக் குறைத்தால் பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கூர்ங்கல்லுக்கு முகம் காட்டும். பட்டன் பகுதியில் விழும் துளையை அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் அத்தோடு முடிந்தது. தாரில் 30 அல்லது 32 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) வைத்திருக்கும் டியூப்லெஸ் டயரைக் கல் பாதைக்கு 22 அளவிலும், வெறும் சேற்றுக்கு 18 அளவிலும் இறக்கலாம். 15-க்குக் கீழே போனால், திருப்பத்தில் டயர், அது மாட்டியிருக்கும் உலோக வளையமான டிஸ்க்கை விட்டுக் கழன்றுவிடக்கூடும். ஆட்கள் நிறைய ஏறியிருந்தால் இந்த எண்களுடன் இரண்டு மூன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உங்களுடையது டியூப் போட்ட பழைய 6.00-16 டயர் என்றால் இவ்வளவு குறைக்க வேண்டாம். காற்றுக் குறைந்த டயர் டிஸ்க்கின் மேல் மெல்ல நகரும். டியூபும் கூடவே நகர, வால்வு மட்டும் டிஸ்க் ஓட்டையில் மாட்டிக்கொண்டு அடியோடு பிய்ந்துவிடும். வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் அதுவே முதல் அறிகுறி.

இறக்கிய காற்றைத் தார்ச்சாலை ஏறுமுன் மறுபடியும் நிரப்பியாக வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகமாக ஓடும்போது பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து, உள்ளே சூடேறி, வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். வண்டி பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப்பும் நம்பகமான காற்று மானியும் இல்லாதவர் காற்றை இறக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று. சமவெளியில் காற்றுப் பிடித்துவிட்டு மலையேறினால் அளவு மாறுமே என்று சிலர் கேட்பதுண்டு. ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூட்டிக் காட்டும். குளிரினால் ஏறக்குறைய அதே அளவு குறையும். கூட்டிக் கழித்தால் கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் ஓடிச் சூடான டயரில் காற்று அளந்து, கூடியிருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள். காலையில் வண்டி எடுக்குமுன் அளப்பதே அளவு.

கேள்வி: என் வண்டியில் 215/75 ஆர் 15 டயர் உள்ளது. 235/75 ஆர் 15 போட்டால் வண்டி உயர்ந்து நிற்கும் என்கிறார்கள். தொந்தரவு வருமா?
— ஒரு வாசகர், குமுளி

பதில்: முதல் எண் மில்லிமீட்டரில் டயரின் அகலம்; இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது; கடைசி எண் டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில். கணக்கிட்டால் உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ., புதியது 733 மி.மீ. வண்டி உயர்வதோ இதில் பாதி, 15 மி.மீ.; ஒரு விரல் கனம்தான். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை: ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் ஓடும், ஏற்றத்தில் கியர் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் எங்காவது உரசக்கூடும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றிக் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வண்டியின் கையேட்டில் அந்த அளவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இப்போது கையில் பணம் குறைவு. முன்னால் இரண்டு மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, கம்பம்

பதில்: நான்கு சக்கர கியரே போடாமல் ஓட்டுவதென்றால் சமாளிக்கலாம், அம்மா. போடுவீர்களானால் வேண்டாம். புதிய டயருக்கும் நன்றாகத் தேய்ந்த டயருக்கும் விட்டத்தில் 15 மி.மீ. வரை வேறுபாடு வரும். அதனால் தேய்ந்த டயர் ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். நம் ஜீப்புகளில் நான்கு சக்கர கியர் விழுந்ததும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லாமல் முறுக்கம் முழுவதும் கியர் பெட்டியிலும் அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரத்திலும் ஏறும். டயரில் மிச்சப்படுத்தியதைப் போலப் பல மடங்கு அங்கே செலவாகும். 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் இடம் மாற்றி வந்தால் எல்லாம் ஒன்றுபோலத் தேயும். இந்தக் கேள்வியே வராது.

கேள்வி: ஸ்டெப்னி புதிதுபோலவே இருக்கிறது. பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், தேவாரம்

பதில்: பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். இதைப் பார்க்காமல் நானும் ஒருமுறை ஏமாந்தேன். கடையொன்றில் தள்ளுபடியில் வாங்கிய டயரில் பட்டன் பளபளத்தது; வீட்டுக்கு வந்து எண்ணைப் படித்தால் ஏழு வயது. பூப்பாறை இறக்கத்தில் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்ததை மகள்தான் காட்டினாள். ஓடாவிட்டாலும் ரப்பர் வெயிலில் இறுகிக்கொண்டே போகும். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஸ்டெப்னியைப் பக்கத்துப் பஞ்சர் கடை வரை போக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.