அம்மம்மாவின் பேணி

கேள்வி: அம்மம்மா வைத்திருந்த, படம் அச்சிட்ட பழைய பிஸ்கட் பேணியின் மூடி இறுகிவிட்டது. படம் கெடாமல் திறக்க வழி உண்டா?
– வாசகி, கல்லடி

பதில்: முதலில் கத்தியையும் திருப்புளியையும் தூர வையுங்கள், அவற்றால் நெளிந்த விளிம்பைப் பழையபடி நிமிர்த்துவது மிகக் கடினம். இத்தகைய பேணிகள் வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டாலானவை. அந்தப் பூச்சுத் தேய்ந்த இடத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள உங்கள் ஊரின் உப்புக் காற்றுப் பட்டு இரும்பு துருவேறுகிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மூடி இறுகிவிடுகிறது.

அடிப்பக்கத்தில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெயிட்டு நிறம் கழலவில்லை என்று உறுதிசெய்த பின்னர், மெல்லிய தூரிகையால் மூடி பொருந்தும் இடத்தில் மட்டும் அதைத் தடவி ஓரிரவு விடுங்கள். மறுநாள் மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியின் மிதமான சூட்டை மூடியின் விளிம்பைச் சுற்றிக் காட்டினால், அது சற்று விரிந்து பிடி தளரும். அடுப்பு நெருப்பு வேண்டவே வேண்டாம்: வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், வண்ணமும் கருகிவிடும்.

பின்பு ஐஸ்கிறீம் குச்சியை விளிம்புக்கடியில் வைத்து, ஓரிடத்திலேயே அழுத்தாமல், சுற்றிச் சுற்றி மயிரிழை அளவாக உயர்த்துங்கள். சிறு ஓசையோடு செந்தூள் உதிர்ந்தால் துரு விடுபடத் தொடங்கிவிட்டது. அசையாவிட்டால் பலவந்தம் செய்யாமல், மறுபடி எண்ணெயிட்டு இன்னோர் இரவு காத்திருங்கள்.