கால்பந்துக் கோலி (கோல்கீப்பர்) பயிற்சியாளராகும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 31. பதினான்கு வருடமாக ஊர் அணிக்குக் கோலியாக நிற்கிறேன். வலது முட்டு இனி அதிக நாள் தாங்காது. விசைப்படகில் தொழிலுக்கும் போகிறேன். கோச் ஆவதற்கு எந்தப் படிப்பை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?
- வாசகர், சின்னத்துறை

பதில்: முட்டு முழுதாக மறுக்கும்வரை காத்திருக்காதீர்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது. அணியில் இருக்கும்வரை பயிற்சிக்கு மைதானமும் பந்தும் பிள்ளைகளும் எளிதில் கிடைக்கும்.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் பயிற்சியாளர் லைசன்ஸ் ஏணி கீழிருந்து இ, டி, சி, பி, ஏ, ப்ரோ என்று ஏறும். பெரும்பாலானவர்களுக்கு உண்மையான தொடக்கம் டி லைசன்ஸ்தான். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஓர் அணிக்குப் பயிற்சி கொடுத்த அனுபவத்தோடு சி-க்குப் போகலாம். கோல்கீப்பர் பயிற்சிக்கென்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தனிப் படிப்பு உண்டு. அதை முதலில் பிடித்துவிடலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். பொதுப் பயிற்சியின் அடிப்படை இல்லாமல் அங்கே போனால் பாதிப் பாடம் கைக்கு வராது. பட்டப்படிப்பு முடித்திருந்தால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இன்னொரு வழி. பள்ளிக்கூட வேலைதான் குறி என்றால் உடற்கல்விப் படிப்பு வேண்டும், கால்பந்து லைசன்ஸ் மட்டும் போதாது.

டி லைசன்ஸ் செய்முறையில் கோலிகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஃபீல்டில் ஆடும், கோலி அல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தச் சொன்னால், பழக்கத்தில் கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஷாட் அடிக்க வைப்பார்கள். அதனால் போவதற்கு முன்பே ஊர்ப் பிள்ளைகளை வைத்து 'நாலுக்கு ரெண்டு' நடத்திப் பழகுங்கள். 12 மீட்டருக்கு 12 மீட்டர் கட்டம் போதும். வெளியே நாலு பேர், உள்ளே பந்தைப் பறிக்க ரெண்டு பேர், 12 வயதுக்குக் கீழே என்றால் 4-ஆம் எண் பந்து. மூன்று பாஸுக்குள் பந்து பறிபோய்க்கொண்டே இருந்தால் கட்டம் சிறிது, பக்கத்துக்கு 2 மீட்டர் கூட்டுங்கள். உள்ளே நிற்பவர்கள் பந்தைத் தொடவே முடியவில்லை என்றால் குறையுங்கள். ஆட்டத்தை நிறுத்திப் பேசினால் 20, 30 விநாடிக்குள் முடித்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் பிள்ளைகளின் கண் கடலுக்குப் போய்விடும்.

காலத்தைப் பற்றியும் யோசியுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தொடர்ச்சியாக 61 நாள் கரையில் இருக்கும் வாய்ப்பு வேறு எப்போதும் வராது. ஆனால் அதுவே தென்மேற்குப் பருவமழைக் காலம். அலை கரையை அரித்துவிடும், தாழ்ந்த மைதானத்தில் தண்ணீர் நிற்கும். மேடான இடத்தை மே மாதமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கோலி கோச்சின் உடம்பு ஓய்வெடுக்கிறது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கலாம். ஒரு பயிற்சியில் நூறு பந்துக்கு மேல் அடித்துக் கொடுப்பது அவர்தான். எப்போதும் ஒரே காலால் அடித்தால் தொடையின் உள்தசை பிடித்துக்கொள்ளும், முட்டும் வீங்கும். முதல் பாதியைக் கையால் எறிந்து கொடுங்கள். பந்து நினைத்த இடத்துக்குப் போகும், காலும் மிஞ்சும்.

கேள்வி: கோலியாக இருந்தவர்கள் தலைமைப் பயிற்சியாளராக வந்திருக்கிறார்களா? கோலி கோச்சாக மட்டும்தான் இருக்க முடியும் என்கிறார்களே?
- வாசகர், குளச்சல்

பதில்: அப்படி ஒரு வரம்பு கிடையாது. 1982-இல் 40 வயதில் கேப்டனாக இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த டினோ ஸோஃப், பயிற்சியாளராக அதே இத்தாலியை 2000-ஆம் ஆண்டு யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 1993-இல் பிரான்ஸின் மார்செய் அணி சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பயிற்சியாளராக இருந்த ரேமோன் கோதால்ஸும் கோலிதான். 2020-இல் ஸ்பெயினின் செவில்லாவுக்கு யூரோப்பா லீக் வாங்கிக் கொடுத்த ஹூலன் லோபெடேகியும், 2018-இல் இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியை பிரீமியர் லீகுக்கு ஏற்றிய நூனோ எஸ்பிரித்தோ சான்டோவும் அப்படியே.

இவர்களுக்கு முதலில் கைகொடுத்தது கோலியின் கண். பதினொரு பேரில் முழு மைதானத்தையும் முன்னால் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். எதிராளியின் பேக் (தடுப்பாட்டக்காரன்) எப்போது மேலே ஏறுகிறான், நம் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடம் விழுகிறது என்பது 90 நிமிடமும் அவர் கண்ணில் படுகிறது. குறை எங்கே என்றால் தாக்குதல் பக்கம். நெருக்கடியில் முதுகைக் காட்டிப் பந்தை வாங்குவது எப்படி இருக்கும் என்று கோலியின் உடம்புக்குத் தெரியாது. சின்ன ஆட்டங்களில், ஐந்துக்கு ஐந்திலாவது, ஃபீல்டில் இறங்கி விளையாடுங்கள். புத்தகத்தில் இது வராது.

நம் நாட்டில் கோலி என்றதும் நினைவுக்கு வரும் பீட்டர் தங்கராஜ், தொடக்கத்தில் சென்டர் ஃபார்வர்டாக விளையாடியவர். பிறகுதான் கோலுக்கு வந்து 1956, 1960 ஒலிம்பிக்கிலும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். சிறுவயதில் ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் வளர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அவரைச் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் 11 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நன்றாகக் கோல் காக்கிறாள். பாயும்போது இடுப்பும் முழங்கையும் அடிபட்டு இப்போது பயப்படுகிறாள். கடற்கரை மணலே போதுமா?
- வாசகி, முட்டம்

பதில்: பயம் போக ஒரே வழி, உயரத்தைக் குறைப்பது. முதலில் உட்கார்ந்த நிலை, அடுத்து முட்டி போட்டு, பிறகு குந்தி, கடைசியில் நின்று. ஒவ்வொரு நிலையிலும் பந்து இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து கையால் உருட்டப்பட வேண்டும். இடது பக்கம் 6, ஒரு நிமிடம் ஓய்வு, பிறகு வலது பக்கம் 6. விழும்போது வெளித்தொடை, இடுப்பின் பக்கம், விலா, தோள் என்ற வரிசையில் உடம்பு தரையைத் தொட வேண்டும். முழங்கை முதலில் ஊன்றினால் தவறு. பெரும்பாலும் பின்னால் சாய்ந்து பாய்வதால்தான் முழங்கை ஊன்றுகிறது. பந்தை நோக்கி முன்னால், குறுக்காக ஓர் அடி வைத்துப் பாயச் சொன்னால் பாதி சரியாகிவிடும்.

முப்பது பந்தை நிறுத்தாமல் அடித்து 'ஸ்டாமினா' ஏற்றுவதை எங்கள் வேண்டுகோளாகவே சொல்கிறோம், விட்டுவிடுங்கள். பாய்ச்சல் வெடிப்பான வேலை. எட்டாவது பந்துக்கு மேல் களைப்பில் முறை கெடுகிறது, கெட்ட முறை உடம்பில் பதிகிறது, அடியும் அப்போதுதான் படுகிறது.

மணல், விழக் கற்க அருமை. காலடிக்கு ஆகாது. பாதம் புதைவதால் உதைத்து எழும்ப நேரம் கூடுகிறது. அந்தத் தாளத்திலேயே பழகிய பிள்ளை கெட்டித் தரையில் நேரம் தப்பும். வாரத்தில் இரண்டு நாள் மணல், மற்ற நாள் கோயில் மைதானமோ பள்ளி மைதானமோ பாருங்கள். கோலின் அளவும் முக்கியம். பெரியவர்களின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். அவளை அதன் நடுவில் நிறுத்தினால் தலைக்கு மேலே போகும் பந்தெல்லாம் தன் தவறு என்று நினைத்துக்கொள்வாள். 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரத்துக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினால் போதும்.

கேள்வி: கோலி பந்தைக் கையில் எத்தனை விநாடி வைத்திருக்கலாம்? திருவிழா டோர்னமென்டில் இதில்தான் சண்டை.
- வாசகர், இனயம்

பதில்: எட்டு. பழைய ஆறு விநாடி விதி மீறப்பட்டால் மறைமுக ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை) தர வேண்டும், நடுவர்கள் அதைக் கொடுக்கத் தயங்கினார்கள். 2025 ஜூலை முதல் உள்ள விதிப்படி எட்டு விநாடி தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து விநாடியை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். பயிற்சியில் ஒவ்வொரு முறை பந்தைப் பிடித்ததும் வெளியே நிற்கும் பிள்ளை ஒருவன் சத்தமாக எட்டு எண்ணட்டும். ஐந்துக்குள் எறியப் பழகினால் மூன்று விநாடி கையில் மிச்சம். போட்டிக்கு முந்தின நாளே இரு அணி மேனேஜர்களையும் நடுவரையும் உட்கார வைத்து இந்த விதியை வாசித்துவிடுங்கள்.