சூயஸ் 1956: கரையேறிய படை ஏன் திரும்பியது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, எகிப்தைவிடப் பல மடங்கு பலமான படைகளை வைத்திருந்தும் எகிப்து நாட்டுடைமையாக்கிய சூயஸ் கால்வாயைப் பிரிட்டனாலும் பிரான்சாலும் மீட்க முடியாமல் போனது ஏன்?

பதில்: படை தோற்றதால் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நவம்பர் 5ஆம் நாள் கால்வாயின் வடமுனையிலுள்ள போர்ட் செய்த் நகரில் பாராசூட் வீரர்கள் இறங்கினார்கள். மறுநாள் கடல்வழியாகவும் படைகள் கரையேறின. அன்று நள்ளிரவே போர்நிறுத்தம் நடப்புக்கு வந்தது. காரணம் லண்டன் கருவூலத்தில் இருந்தது. பவுண்டு நாணயத்தைப் பலரும் விற்றுத் தள்ளியதால் டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவியைப் பெற அமெரிக்காவின் ஆதரவு தேவைப்பட்டது. சண்டை நிற்காமல் அந்த ஆதரவு கிடையாது என்பதில் அமெரிக்க அதிபர் ஐசனோவரின் அரசு உறுதியாக இருந்தது. இதற்கிடையில் எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட்டதால், எந்த நீர்வழியைக் காக்கப் போவதாகச் சொல்லிப் படை புறப்பட்டதோ, அந்த வழியே அடைபட்டுப் போயிற்று.

கேள்வி: நெருங்கிய நட்பு நாடான அமெரிக்கா அவ்வளவு கடுமை காட்டியது ஏன்?

பதில்: பாரிஸ் அருகே செவ்ர் என்னும் ஊரில் அக்டோபர் 24 அன்று பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய மூன்றுக்கும் இடையே ஓர் இரகசிய உடன்படிக்கை கையெழுத்தானது. இஸ்ரேல் முதலில் தாக்க வேண்டும், பிறகு இரு வல்லரசுகளும் சமாதானம் செய்பவர்கள்போல நுழைய வேண்டும் என்பதே திட்டம். ஐசனோவரிடம் இதை மறைத்தார்கள். எழுத்தில் சாட்சி இருப்பதை அறிந்த பிரிட்டிஷ் பிரதமர் ஈடன், பிரதிகளை மீட்டுவர அதிகாரிகளைப் பாரிசுக்குத் திருப்பி அனுப்பினார்; அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பொய்யின்மேல் படை நடத்தினால் நண்பன்கூடத் துணை நிற்க மாட்டான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: சோவியத் ஏவுகணை மிரட்டல்தான் காரணம் என்று படித்தேனே?

பதில்: சோவியத் பிரதமர் புல்கானின் மிரட்டல் கடிதம் அனுப்பியது உண்மை. ஆயினும் பிரிட்டிஷ் அமைச்சரவையை அசைத்தது பணநெருக்கடியே என்பது என் கணிப்பு.

கேள்வி: அதே வாரம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் சோவியத் டாங்கிகள் வென்றனவே. அப்படியானால் படைபலமே முடிவு செய்கிறது என்றுதானே ஆகிறது?

பதில்: நியாயமான கேள்வி. நவம்பர் 4 அன்று நுழைந்த சோவியத் படைகள் ஹங்கேரி எழுச்சியை நசுக்கின. எழுச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாகி 1958இல் தூக்கிலிடப்பட்டார். மாஸ்கோவின் கடிவாளம் எந்த வங்கியிடமும் இல்லை. அணு ஆயுதம் வைத்திருக்கும் நாட்டோடு போரிட யாரும் துணியவும் இல்லை. எகிப்தைக் காத்த உலக அழுத்தம் ஹங்கேரிய மக்களுக்குக் கிட்டாமல் போனதை இன்றும் மனவருத்தத்துடனேயே எழுதுகிறேன்.

கேள்வி: இஸ்ரேலுக்கு என்ன கிடைத்தது?

பதில்: 1957 மார்ச்சில் அது, தான் தாக்கிக் கைப்பற்றியிருந்த எகிப்தின் சினாய் தீபகற்பத்திலிருந்து விலகியது. பதிலாக, செங்கடலுக்குச் செல்லும் டிரான் நீரிணை வழியே அதன் கப்பல்கள் செல்ல வழி பிறந்தது. இந்திய வீரர்களும் இடம்பெற்ற ஐ.நா. அமைதிப்படை அங்கு நின்றது. ஆனால் அது எகிப்தின் இசைவோடு நின்ற படை. 1967 மே மாதம் எகிப்து அதிபர் நாசர் அதை வெளியேறச் சொல்லி நீரிணையை மூடினார். ஜூனில் மீண்டும் போர் மூண்டது.