‘இலங்கையர்’ என்று மட்டும் எழுதிவிட்டால் போதாதா?

கேள்வி: பிறப்புச் சான்றிதழிலும் அரச படிவங்களிலும் இருக்கும் ‘இனம்’ என்ற நிரலை எடுத்துவிட்டு, எல்லோரும் ‘இலங்கையர்’ என்று மட்டும் எழுதினால் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடாதா? யாழ்ப்பாணத்தில் வசிப்பவர்கள் பதில் தாருங்கள்.

பதில்:

இதைக் கேட்டவர் இளையவர் என்றும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ வளர்ந்தவர் என்றும், அண்மையில் ஏதோ ஒரு படிவத்தை நிரப்பப் போய் அந்த நிரலைக் கண்டு எரிச்சலடைந்தவர் என்றும் எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். 35 ஆண்டுகள் கணிதம் படிப்பித்து இளைப்பாறிய ஒருத்திக்கு அரசியல் எதற்கு என்று கேட்கக்கூடியவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவான பதிலன்று, அந்த ஒரு நிரல் எங்கள் வீட்டில் என்ன பாடு படுத்தியது என்ற கதை மட்டுமே.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்தவள். 1989இல் எனக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அங்கே என்னுடன் படிப்பித்தவரையே 1994இல் திருமணம் செய்தேன். அவருடைய குடும்பம் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து, 1977 ஓகஸ்ட் கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, கிளிநொச்சித் தருமபுரத்தில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அவருடைய பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. அவரோ, அவருடைய தகப்பனோ, தகப்பனின் தகப்பனோ இந்தியாவைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர்.

திருமணப் பேச்சு எழுந்தபோது என் அப்பா கேட்ட முதற் கேள்வி, யாழ்ப்பாணத்தில் எவரும் எவரைப் பற்றியும் கேட்கும் கேள்விதான்: “ஊர் எது, ஊரிலை எவடம்?” சாதியை அறியக் கேட்கும் இந்த ‘எவடம்’ (எவ்விடம்) என்ற சொல்லுக்குள் எத்தனை நிரல்கள் மறைந்திருக்கின்றன என்பதை இங்கே வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தோட்டம் என்று சொன்னவுடன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, “இந்தியாக்காரனுக்கோ என்ரை பிள்ளையைக் குடுக்கிறது?” என்று அம்மாவிடம் கேட்டார். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர், தந்தை செல்வா என்று நாங்கள் அழைக்கும் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் கூட்டங்களுக்குச் சைக்கிளில் போய் வந்தவர். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த விவகாரத்தில்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவரே அப்பாதான். மேடையில் கேட்ட கொள்கை படலையைத் தாண்டி வீட்டுக்குள் வரவில்லை. என் அப்பாவைப் பற்றி இப்படி எழுதுவது சரியா என்று எனக்கும் தயக்கம் இருக்கிறது. ஆனால் அவர் பின்னர் செய்ததையும் எழுதப்போகிறேன், ஆகவே முழுவதையும் வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள். திருமணத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறிவர, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரு சைக்கிளில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே பல மணித்தியாலங்கள் எடுத்த அந்தச் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போனார்கள். சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் சில கிழமைகள் இருந்துவிட்டு, கிளாலியில் படகேறி, 1996 தை மாதம் தருமபுரத்தில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். வீடு என்பது மண் சுவரும் கிடுகுக் கூரையும் ஒரேயோர் அறையும். அந்த அறையை மாமி, அதாவது என் கணவரின் தாய், ஒழித்துக் கொடுத்துவிட்டு, தானும் மாமாவும் தாழ்வாரத்தில் பாய் போட்டுக்கொண்டார்கள். மாமி செம்பில் கொண்டுவந்த தண்ணீரை அப்பா வாங்கிச் சிறிது நேரம் கையில் வைத்திருந்ததையும், பிறகு ஒரே மூச்சில் குடித்ததையும் நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். மாமி அதைக் கவனித்தாரா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

அடுத்த மாதம் மகள் பிறந்தாள். பிறப்பைப் பதிவதற்கான படிவத்தை அப்பாவே கேட்டு வாங்கி, அவருடைய அழகான உத்தியோகக் கையெழுத்தில் நிரப்பினார். தந்தையின் இனம் என்ற கூட்டில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதியிருந்தார். பதிவாளர் என் கணவரின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, அதில் வேறாக இருக்கிறதே என்றார். அப்பா விடவில்லை. “மூன்று தலைமுறையாக இந்த மண்ணிலே உழைத்தவனுக்கு இலங்கைத் தமிழன் என்று போடாமல் வேறு யாருக்குப் போடப் போகிறீர்?” என்று, அந்த மனிதர் தன்னிச்சையாகச் சட்டம் இயற்றியவர்போல அவரோடு வாதாடினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘இந்தியாக்காரன்’ என்று சொன்ன அதே வாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் என் கணவர் மெதுவாகச் சொன்னார்: “மாமா, என் அப்பாவுக்கும் எனக்கும் என்ன போட்டிருக்கோ அதையே போடச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்ததும் நான் அவரோடு சண்டை பிடித்தேன். அவருடைய விளக்கம் இதுதான். ‘இந்திய’ என்ற அடைமொழி அவருக்கும் பிடித்தமானதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கான கடதாசியைக் கேட்டது. தோட்டத்து லய அறைகளில் பிறந்தவர்களின் பிறப்பை யார் பதிந்தார்கள், கடதாசி காட்டுவதற்கு? 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒப்பமிடப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று வைத்தது. அந்தப் பங்கீட்டில் அவருடைய பெரியப்பா தலைமன்னாரில் கப்பலேறினார்; அவருடைய அப்பா இங்கே நின்றார். இவ்வளவு நடந்தபின் ஒரு படிவத்தில் பெயரை மாற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தாரோடு கலந்து நின்றால், பெரியப்பாவைத் தான் இன்னொரு முறை கப்பலேற்றியதாக ஆகிவிடும் என்றார். மலையகத்தார் பலர் வடக்கில் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டது உண்மை. காரணமும் எனக்கு விளங்கும். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் இவர் அதைச் செய்ய விரும்பவில்லை.

தம்பி, அல்லது தங்கை, நீங்கள் சொல்லும் ‘இலங்கையர்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பதில்தான் நினைவுக்கு வருகிறது. நிரலை நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை. அது நீங்கினால் எது நீங்கும் என்பதில்தான் ஐயம். எங்கள் கடவுச்சீட்டில் இனம் என்ற நிரல் கிடையாது. தேசிய அடையாள அட்டையிலும் கிடையாது. ஆனால் 2014 வரை சிங்களப் பகுதிகளில் சிங்களத்தில் மட்டும் அட்டை கொடுத்தார்கள், எங்களுக்கு இரு மொழியிலும் கொடுத்தார்கள். சோதனைச்சாவடியில் நின்றவருக்கு அட்டையில் தமிழ் எழுத்து இருப்பதே போதுமானதாக இருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா நோக்கி அனுப்பியபோது எவருடைய பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பார்க்கவில்லை. உயர் நீதிமன்றம் மறுநாளே அதைத் தடுத்தது என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு என் ஓய்வூதியம் தொடர்பாகக் கொழும்பிலிருந்து ஓர் அலுவலகம் எனக்குக் கடிதம் அனுப்பியது, முழுவதும் சிங்களத்தில். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைந்த அன்று, ‘இலங்கையர்’ என்று என்னிடம் யாராவது படிவம் நீட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று தெரியவில்லை. விடயம் இரண்டு வரிதான், ஒரு பிரதி இணைக்கவில்லையாம்.

ஆனால் கொழும்பைக் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை. ஒக்டோபர் 30 என்ற திகதியை மேலே இரண்டு முறை எழுதினேன். மூன்றாவதும் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்நாட்களில் பாடசாலை ஒழுங்காக இயங்காததால் நான் கொக்குவிலில் இருந்தேன். எங்களுக்குத் துணி தைத்துத் தருபவர் சோனகத் தெருவைச் சேர்ந்த முஸ்லிம். என் இரண்டு சட்டைத் துணிகள் அவரிடம் இருந்தன. செய்தி கேட்டபோது என் மனதில் முதலில் வந்தது அந்தத் துணிகளின் நினைவு என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அப்பா வானொலியை நிறுத்திவிட்டு, “நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். அதற்கு மேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து அதே திகதியில் அவர் சைக்கிளில் பையைக் கட்டினார். ஒன்றுக்கு ஒன்று ஈடு என்றோ தெய்வம் கொடுத்த தண்டனை என்றோ நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. இதை எழுதியதற்காக என்னைத் துரோகி என்பவர்கள், நான் எப்போது எழுதத் தொடங்கினாலும் அப்படித்தான் சொல்வார்கள், ஆகவே எழுதிவிட்டேன். தமிழ் பேசிய அந்தத் தையற்காரருக்குப் படிவத்தில் ‘சோனகர்’ என்று இருந்தது. படிவமே இல்லாதிருந்தாலும் அவரை யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

2003இல், போரால் மூடிக் கிடந்த கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்து ஓராண்டுக்குப் பின், நாங்கள் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தோம். மாமாவும் மாமியும் தருமபுரத்தை விட்டு வர மறுத்தார்கள். 2009இல் அவர்களுக்கு நடந்ததை நான் இந்தப் பதிலில் எழுதப் போவதில்லை. அதே 2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வசிப்பவர்களும் அவர்களின் சந்ததியினரும் என்று அதில் எழுதியிருந்தது. திகதியைக் கண்டதும் என் கணவர் பத்திரிகையை மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

2023இல் பெரியப்பாவின் பிள்ளைகளைப் பார்க்கவென்று பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்தோம். முற்றத்திலிருந்து புறப்பட்டு அரை மணித்தியாலத்தில் விமான நிலையம். கொழும்புக்கு இரவு முழுவதும் இருந்துபோகும் பயணத்தைவிட எளிதாக இருந்தது. (பொதியின் நிறையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பனங்கட்டியையும் ஒடியல் மாவையும் தராசுக்கு முன்னால் எடுத்து வெளியே வைத்த துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.) சென்னையில் நாங்கள் போன முதலாவது விடுதியில் கடவுச்சீட்டைப் பார்த்ததும், வெளிநாட்டவருக்கு அறை கொடுப்பதில்லை, காவல்துறைக்குப் படிவம் அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். தேநீர்க் கடையில் நான் பேசியதைக் கேட்டவர், “அம்மா கேரளாவா?” என்றார். என் கணவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவருடைய தமிழ் அங்கே யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் முகத்தில் ஓர் இளக்கம் இருந்ததை மறைக்க முடியாது.

நீலகிரி எக்ஸ்பிரசில் மேட்டுப்பாளையம் போய், பேருந்தில் கோத்தகிரி ஏறினோம். தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் பெரியப்பா கடைசிவரை கொழுந்து நிறுக்கும் வேலை பார்த்தாராம். வழியில் ஒரு கடையில் வீட்டுக்கு வழி கேட்டபோது கடைக்காரர், “ஓ, அந்த சிலோன்காரங்க வீடா?” என்று கையைக் காட்டினார். ஐம்பது ஆண்டுகள் ஆகியும் சிலோன்காரர். இங்கே நின்ற தம்பிக்கு இந்தியத் தமிழர், அங்கே போன அண்ணனுக்குச் சிலோன்காரர். என் கணவர் அந்த மேட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் முறையானவர் எங்களைக் கண்டதும் கட்டிப்பிடித்துவிட்டு, முதலில் கேட்டது ஹற்றன் பக்கம் இன்னும் அதே குளிர்தானா என்று.

மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் யாழ்ப்பாணத்திலேயே பட்டம் முடித்து வேலை பார்க்கிறாள். சம்பந்தம் பேச வருபவர்கள் சாதகத்தை வாங்குவதற்கு முன், “தகப்பன் எவடம்?” என்கிறார்கள். பதில் சொன்னதும் சாதகத்தை மறந்து விட்டுப் போனவர்களும் உண்டு. ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மேடை கிடைத்தால் தமிழினத்தின் ஒற்றுமையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசக்கூடியவர், “பிள்ளையின்ரை விபரத்திலை தகப்பனின்ரை ஊரைத் தருமபுரம் எண்டு மட்டும் போடுங்கோ, தோட்டக் கதை வேண்டாம்” என்று எனக்கு யோசனை சொன்னார். அரசாங்கம் அச்சிட்ட நிரலை அரசாங்கம் நீக்கலாம். அவர் வாயிலிருக்கும் நிரலை எந்த வர்த்தமானி நீக்கும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

கடந்த குடிசன மதிப்பீட்டுக்கு ஓர் இளம் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல வெயில், முற்றத்து மாமரத்தின் கீழ் கதிரை போட்டுக் கொடுத்தோம். இந்த முறை ‘இந்தியத் தமிழர்’ என்பதுடன் ‘மலையகத் தமிழர்’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தது. என் கணவரிடம் கேட்டபோது, “மலையகத் தமிழர்” என்றார். அந்தச் சொல்லை அவர் ஓர் அரச உத்தியோகத்தரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னிடம் கேட்டபோது, “இலங்கைத் தமிழர்” என்றேன். மகள் உள்ளே இருந்து தேசிக்காய்த் தண்ணீருடன் வந்தாள்.

“தங்கச்சிக்கு அம்மாவைப் போலவா, அப்பாவைப் போலவா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“நான் சொல்றதைத்தானே நீங்கள் எழுத வேணும்?” என்று மகள் உறுதிப்படுத்திக்கொண்டாள். அவர் ஆமென்றார்.

“அப்ப, அப்பாவுக்குப் போட்டதையே போடுங்கோ.”

என் கணவர் எழுந்து, மாமரத்தில் தொங்கிய காய்ந்த கொப்பு ஒன்றை முறிப்பதாகப் பாவனை செய்துகொண்டு அப்பால் போய்விட்டார்.